குறைந்த பட்ஜெட்டில் ரைபிள் ஸ்கோப்: எதைப் பார்த்து வாங்கணும், எதை நம்பக்கூடாது?

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-ல் இந்தியா துப்பாக்கி சுடுதலில் மட்டும் மூன்று பதக்கங்கள் வென்றது. அதைப் பார்த்து ஆர்வம் வந்து ஏர் ரைபிள் வாங்குபவர்கள் அடுத்து தேடுவது ஸ்கோப், அதாவது ரைபிளின் மேல் பொருத்தும் தொலைநோக்கி. ஆன்லைனில் தேடினால் கண்ணைப் பறிக்கும் விளம்பரங்கள், அள்ளிக் கொடுக்கும் தள்ளுபடிகள். ஆனால் வாங்கிய ஒரே மாதத்தில் குறி தவற ஆரம்பித்து, கோளாறு ரைபிளிலா, சுடுபவரிடமா, ஸ்கோப்பிலா என்றே தெரியாமல் திண்டாடுபவர்கள் பலர்.

காசு வீணாகாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: உங்களுக்கு ஸ்கோப் தேவையா?

பிள்ளையை 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சியில் சேர்த்திருக்கிறீர்களா? அப்படியானால் கொஞ்சம் நில்லுங்கள். ஒலிம்பிக் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. சிறிய துளை வழியாகப் பார்க்கும் 'டயாப்டர்' குறிப்பான்தான் பயன்படுத்த வேண்டும்.

2008-ல் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, 2012-ல் வெண்கலம் வென்ற, சென்னையில் பிறந்த ககன் நரங், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் என எல்லோரும் உருப்பெருக்கும் லென்ஸ் இல்லாமல் சுட்டவர்கள்தான். அதனால் பயிற்சியாளரிடம் கேட்காமல் ஸ்கோப்புக்கு காசு போடாதீர்கள்.

பொழுதுபோக்காக இலக்கு அட்டையில் சுடுபவர்கள், மேசையில் ரைபிளைத் தாங்க வைத்து சுடும் பெஞ்ச்ரெஸ்ட், வெவ்வேறு தூரங்களில் உலோக இலக்குகளைச் சுடும் ஃபீல்டு டார்கெட் ஆகியவற்றில் இறங்குபவர்கள்: இவர்களுக்குத்தான் ஸ்கோப் தேவை.

3-9×40 என்றால் என்ன?

ஸ்கோப் பெட்டியின் மேல் இருக்கும் இந்த எண்களைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

• 3-9 என்பது உருப்பெருக்கம். இலக்கை 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை பெரிதாக்கலாம்.
• 40 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.
• 4×32 என்று இருந்தால் உருப்பெருக்கம் 4 மடங்கு மட்டும்தான், மாற்ற முடியாது.

உருப்பெருக்கம் அதிகம் என்றால் நல்ல ஸ்கோப் என்று அர்த்தமில்லை. முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளி வட்டத்தின் அளவு கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் சுமார் 4.4 மி.மீ. அதுவே 50-ஐ 24-ஆல் வகுத்தால் சுமார் 2 மி.மீ.தான். கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே படம் கறுத்துவிடும்.

10 முதல் 25 மீட்டருக்கு 4 மடங்கே போதும், 9 மடங்கு தாராளம். 50 மீட்டருக்கு 12 மடங்கு வரை போகலாம். மலிவு விலையில் 24 மடங்கு என்று விற்றால், லென்ஸின் தரத்தில்தான் கை வைத்திருப்பார்கள்.

ஒரே விலையில் இரண்டு இருந்தால், உருப்பெருக்கம் மாறாத ஸ்கோப்பில் நகரும் பாகங்கள் குறைவு. அதனால் பழுதாகும் வாய்ப்பும் குறைவு.

பலர் கவனிக்காத விஷயம்: பேரலாக்ஸ்

ஓடும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்து ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். டிரைவருக்கு 60 என்று தெரியும் முள், உங்களுக்கு 55 என்று தெரியலாம். ஸ்கோப்பிலும் இதேதான். கண் நடுவில் இல்லாமல் கொஞ்சம் விலகினால், சிலுவைக் கோடு இலக்கின் மேல் இடம் மாறித் தெரியும். இதுதான் பேரலாக்ஸ்.

விலை குறைந்த பல ஸ்கோப்களில் இது 100 கஜத்துக்கு, அதாவது சுமார் 91 மீட்டருக்கு சரிசெய்யப்பட்டிருக்கும். அவை சக்தி வாய்ந்த ரைபிள்களை மனதில் வைத்து செய்தவை. அதை 10 மீட்டரில் வைத்து சுட்டால்? 40 மி.மீ. லென்ஸில், கண் ஓரத்துக்குப் போனால் குறி அதிகபட்சம் கிட்டத்தட்ட 18 மி.மீ. விலகும். போட்டி அட்டையில் பத்து புள்ளி வாங்க வேண்டிய குண்டு, மூன்று புள்ளி வளையத்தில் போய் விழும். இலக்கும் மங்கலாகத்தான் தெரியும்.

அப்போ என்ன வாங்கலாம்? முன் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் அல்லது பக்கவாட்டில் ஒரு திருகு வைத்து, தூரத்துக்கு ஏற்ப பேரலாக்ஸை மாற்றிக்கொள்ளும் ஸ்கோப். குறைந்தபட்ச தூரம் 10 கஜம் அல்லது 10 மீட்டர் என்று அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும். உங்கள் பட்ஜெட்டில் ஒரே ஒரு கூடுதல் வசதிக்குத்தான் இடம் என்றால், அது இதுவாக இருக்கட்டும். சிவப்பு, பச்சை விளக்கு எரியும் சிலுவைக் கோடு பகலில் இலக்கு அட்டை சுடுவதற்குத் தேவையே இல்லை.

ஸ்பிரிங் ரைபிள் வைத்திருக்கிறீர்களா? உஷார்

குழலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு சக்தி குறைவுதானே, எந்த ஸ்கோப்பும் தாங்கும் என்று நினைப்பார்கள். உண்மை நேர் எதிர்.

வெடிமருந்து ரைபிள் பின்பக்கமாக மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ரைபிளோ முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் போய் நிற்கும்போது முன்பக்கமாகவும் அதிரும். ஒரு பக்க அதிர்ச்சிக்கு மட்டும் வடிவமைத்த ஸ்கோப்பில், இந்த இரட்டை அதிர்ச்சியால் உள்ளே லென்ஸும் சிலுவைக் கோடும் தளர்ந்துவிடும்.

எனவே 'ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றது' என்று நிறுவனமே எழுத்தில் சொல்லியிருக்கிறதா பாருங்கள். கடைக்காரர் வாய்வார்த்தை போதாது. பிரிட்டனின் ஹாக் போன்ற சில நிறுவனங்கள் ஏர் ரைபிளுக்கென்றே தனி வரிசை வைத்திருக்கின்றன. காற்றை முன்கூட்டியே நிரப்பும் பி.சி.பி. ரைபிளில் அதிர்வு மிகக் குறைவு. அதற்கு இந்தக் கவலை இல்லை.

கிளிக் கணக்கு

ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் இருக்கும் திருகுகளை 'டரட்' என்பார்கள். அதைத் திருப்பினால் 'கிளிக் கிளிக்' என்று குறி நகரும். பெரும்பாலும் ஒரு கிளிக் என்பது கால் எம்.ஓ.ஏ. இது கோண அளவு என்பதால், தூரம் கூடக் கூட நகர்வும் கூடும்.

• 10 மீட்டரில் ஒரு கிளிக்: சுமார் 0.7 மி.மீ.
• 25 மீட்டரில்: சுமார் 1.8 மி.மீ.
• 50 மீட்டரில்: சுமார் 3.6 மி.மீ.

உதாரணமாக, 25 மீட்டரில் குண்டு 3 செ.மீ. கீழே விழுகிறது என்றால், மேல் டரட்டில் 16 அல்லது 17 கிளிக் ஏற்ற வேண்டும்.

மவுன்ட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

'ஸ்கோப் சரியில்லை' என்று வரும் புகார்களில், பல நேரம் உண்மையான குற்றவாளி ஸ்கோப்பை ரைபிளோடு இணைக்கும் மவுன்ட்தான். ஸ்கோப் குழாய் 1 அங்குலமா, 30 மி.மீ.-ஆ என்று பாருங்கள். ரைபிளின் மேல் இருப்பது 11 மி.மீ. டவ்டெய்ல் பள்ளமா, அகலமான பிக்காட்டினி தண்டவாளமா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் பொருந்தும் மவுன்ட் வேண்டும்.

ஸ்பிரிங் ரைபிள் என்றால், அதிர்வில் மவுன்ட் பின்னால் நகராமல் தடுக்கும் நிறுத்தும் ஊசி உள்ளதாக வாங்குங்கள். திருகுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். அதிகமாக முடுக்கினால் ஸ்கோப் குழாயே நசுங்கிவிடும்.

வாங்கும் முன், வாங்கிய பின்: 3 சோதனைகள்

1. அட்டைப்பெட்டி சோதனை: இதற்கு ரைபிளே வேண்டாம். அட்டைப்பெட்டியில் 'வி' வடிவில் இரண்டு வெட்டு போட்டு ஸ்கோப்பை அதில் வையுங்கள். நீங்கள் சுடப்போகும் தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி தலையை லேசாக இடம், வலம் நகர்த்துங்கள். கோடு புள்ளியை விட்டு ஓடினால் அந்தத் தூரத்தில் பேரலாக்ஸ் இருக்கிறது.

2. காது சோதனை: ஸ்கோப்பை மெதுவாக ஆட்டுங்கள். உள்ளே கடகட சத்தம் வந்தால் வேண்டாம். டரட் கிளிக் ஒவ்வொன்றும் தெளிவாக விரலுக்குத் தெரிய வேண்டும்.

3. சதுர சோதனை: சுடுதளத்தில், 25 மீட்டரில், ரைபிளைத் தாங்க வைத்து மூன்று குண்டு சுடுங்கள். பிறகு 40 கிளிக் வலம், 40 கீழ், 40 இடம், 40 மேல் என்று மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே புள்ளியைக் குறிவைத்து மூன்று குண்டு. பக்கத்துக்கு சுமார் 7.3 செ.மீ. உள்ள சதுரம் கிடைக்க வேண்டும். கடைசி மூன்றும் முதல் மூன்றோடு சேர வேண்டும். சேரவில்லை என்றால், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.

இதையும் மறக்காதீங்க

• ஸ்கோப்பை பைனாகுலர் மாதிரி பயன்படுத்தாதீர்கள். ஸ்கோப் திரும்பும் பக்கமெல்லாம் துப்பாக்கியும் திரும்புகிறது. விளையாட்டுக்குக்கூட மனிதரை நோக்கி வைக்கக்கூடாது.
• ஸ்கோப் வழியாக சூரியனைப் பார்த்தால் பார்வையே போகலாம்.
• 20 ஜூலுக்கு மேல் சக்தியோ, 4.5 மி.மீ.-ஐ விடப் பெரிய குழலோ உள்ள ஏர் ரைபிளுக்கு, ஆயுத விதிகள் 2016-ன்படி உரிமம் தேவை.
• உரிமம் தேவையில்லாத ரைபிளாக இருந்தாலும், பறவைகளைச் சுடுவது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சுருக்கமாகச் சொன்னால்: முதலில் உங்கள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். அடுத்து எத்தனை மீட்டரில் சுடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அந்தத் தூரத்துக்கு பேரலாக்ஸ் பொருந்தி, உங்கள் ரைபிளின் அதிர்வைத் தாங்கும் சாதாரண ஸ்கோப், பெட்டி நிறைய வசதி எழுதிய மலிவு ஸ்கோப்பைவிட நீண்ட நாள் உழைக்கும். மிச்சமாகும் காசுக்கு பெல்லட் வாங்கி பயிற்சி எடுங்கள். குறி தேறுவது அதில்தான்.