ரெக்கவரி பென்டிரைவ்: கவுன்ட்டவுன் முடிஞ்சா உங்க லேப்டாப்புக்கு என்ன ஆகும்?

2011 செப்டம்பர் 15-ல் திருவள்ளூர் மாவட்டத்தில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா லேப்டாப் திட்டம் ஞாபகம் இருக்கா? அப்போ கொடுத்த லேப்டாப்பை ஆன் பண்ணினா, 'விண்டோஸா, பாஸ் லினக்ஸா?' என்று ஒரு மெனு வரும். பாஸ் என்பது சென்னை சி-டாக் உருவாக்கிய நம்ம ஊர் ஓ.எஸ். சில விநாடிகள் எந்த பட்டனையும் தொடலைன்னா, லேப்டாப்பே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அதுதான் டிஃபால்ட் பூட்.

அங்கே தப்பான ஓ.எஸ் திறந்தா ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம். ரெக்கவரி பென்டிரைவில் கதையே வேற.

அதே மாவட்டத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பம் போன்ற மீனவ கிராமங்களில் லேப்டாப் மக்கர் பண்ணினா, சர்வீஸுக்கு பொன்னேரியோ சென்னையோதான் போகணும். அதனால யாராவது ஒருத்தர் பென்டிரைவில் ரெக்கவரி போட்டு வெச்சிருந்தா, அது பல வீட்டுக்கும் போகும். அண்ணன் செட் பண்ணியதை, எதுவும் தெரியாம தங்கச்சி செருகுவா. அவ காலேஜ் ப்ராஜெக்ட், சர்டிஃபிகேட் ஸ்கேன், வீட்டு விசேஷ போட்டோ எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கும்.

விண்டோஸ் தரும் ரெக்கவரி டிரைவ் இதில் கொஞ்சம் சாது. கீபோர்டு மொழியைக் கேட்டுட்டு, நீங்க பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்கும். (அதைத் தயாரிக்கும்போது பென்டிரைவில் இருக்கிறதெல்லாம் அழியும்.) கவனம் தேவைப்படுவது குளோன்ஸில்லா போன்ற இலவச டூல்களில். முழு ஹார்ட் டிஸ்கையும் ஒரு இமேஜா எடுத்து, அதைத் திரும்பக் கொட்டும் பென்டிரைவை இதில் உருவாக்கலாம். கொட்டும்போது பழைய டிஸ்கில் இருக்கிற எல்லாத்துக்கும் மேல எழுதிடும். இமேஜ் எடுத்த தேதிக்குப் பிறகு சேர்த்தது எதுவும் மிஞ்சாது. வழக்கமா 'நிச்சயமா?' என்று கேட்கும். வேலை சீக்கிரம் முடியட்டும்னு அந்தக் கேள்வியை எடுத்துவிடும் வசதியும் உண்டு. அதை எடுத்துட்டு, ரீஸ்டோரையே டிஃபால்ட்டாவும் வெச்சா, கவுன்ட்டவுன் முடியுறதுக்குள்ள டீ போட எழுந்து போனாலே போதும், டேட்டா காலி.

எங்கே மாத்தணும்?

பென்டிரைவில் பெரும்பாலும் ரெண்டு மெனு ஃபைல்கள் இருக்கும். புது லேப்டாப்கள், அதாவது யூஇஎஃப்ஐ வகை, 'கிரப்' ஃபைலைப் படிக்கும். பழைய பயாஸ் லேப்டாப்கள் 'சிஸ்லினக்ஸ்' ஃபைலைப் படிக்கும். ஒன்றை மட்டும் மாத்தினா இன்னொரு வகை லேப்டாப்பில் பழைய டிஃபால்ட்தான் ஓடும். நிறைய பேர் கோட்டை விடுற இடம் இதுதான்.

ரெண்டுக்கும் கணக்கும் வேற. கிரப்பில் டைம்அவுட் விநாடியில் இருக்கும். சிஸ்லினக்ஸில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 300 என்றால் 30 விநாடி. இன்னொரு வில்லங்கம்: 0 என்று போட்டா சிஸ்லினக்ஸ் நீங்க அமுக்கும் வரை காத்திருக்கும், கிரப்போ ஒரு நொடிகூட நிற்காம டிஃபால்ட்டுக்குள்ள போயிடும். கிரப் காத்திருக்கணும்னா -1 போடணும். கிரப் மெனுவில் வரிசை எண்ணும் 0-லிருந்துதான் தொடங்கும். முதல் வரி 0, ரெண்டாவது 1.

என்னைக் கேட்டா, ரெண்டு ஃபைலிலும் காத்திருக்கச் சொல்லிட்டு, 'ஹார்ட் டிஸ்கில் இருக்கும் ஓ.எஸ்' மாதிரி ஒரு வரி மெனுவில் இருந்தா அதையே டிஃபால்ட்டாக்கலாம். ரீஸ்டோரை கடைசிக்குத் தள்ளிடுங்க.

லேப்டாப் பக்கமும் ஒரு வேலை இருக்கு. பூட் வரிசையில் யூஎஸ்பியை நிரந்தரமா முதலிடத்தில் வைக்க வேண்டாம். தேவைப்படும்போது மட்டும் பூட் மெனுவைக் கூப்பிடலாம்: டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனா பல மாடல்களில் பயாஸுக்குள் போய் அதை ஆன் பண்ணிய பிறகுதான் வேலை செய்யும்.

விண்டோஸ் 11 லேப்டாப்பா? செக்யூர் பூட்டையோ பூட் வரிசையையோ மாத்தினா, அடுத்த முறை பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அது இருக்கான்னு போனிலேயே பார்த்து, ஒரு பேப்பரில் எழுதி வெச்சுட்டு அப்புறம் பயாஸைத் திறங்க.