பிள்ளை யாருக்குச் சொந்தம்?

கணவன் மனைவி பிரிந்துவிட்டால் பிள்ளை யாருக்கு? அன்றைய வழக்கம் சொன்ன பதில், தகப்பனுக்கு. சட்டமும் அதையேதான் சொன்னது. 1961ஆம் ஆண்டு சிறார் பாதுகாவலர் சட்டம் தந்தையைத்தான் காப்பாளராக ஏற்றது. பெற்று வளர்த்த தாய் இருந்தும், கடப்பிதழ் போன்ற பாரங்களில் தகப்பனின் கையொப்பமே கேட்கப்பட்டது.

முதல் மாற்றம் 1982 மார்ச் 1ஆம் தேதி வந்தது. 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் அன்றுதான் அமலுக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது அன்று முதல் சட்டமானது. திருமணப் பதிவும் கட்டாயமானது. அதற்கு முன் பெண்டாங் வட்டாரத் தோட்டக் கோயில்களில் முறைப்படி தாலி கட்டிய தம்பதிகளின் திருமணத்தையும் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதன்பின் தாலி மட்டும் போதாது. பதிவு இல்லையென்றால் மணவிலக்கு மனுவே போட முடியாது.

பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது இச்சட்டத்தின் 88ஆவது பிரிவு. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்பது அதன் அனுமானம். தக்க காரணம் காட்டினால் மாறலாம். விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்பார். 1999ஆம் ஆண்டுத் திருத்தம், காப்பாளர் உரிமையில் தாயையும் தந்தையையும் சமமாக்கியது.

ஆனால் சட்டம் மட்டும் போதுமா? ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் கணவர் 2009இல் மதம் மாறினார்; தாய்க்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மாற்றினார்; 11 மாதக் கடைக்குட்டியைத் தூக்கிச் சென்றார். 2010இல் உயர்நீதிமன்றம் மூவரையும் தாயிடம் ஒப்படைத்தது. பிள்ளைகளின் மதமாற்றத்துக்குத் தாய், தந்தை இருவர் சம்மதமும் வேண்டும் எனக் கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29இல் தீர்ப்பளித்தது. அத்தனை தீர்ப்புகள் கிடைத்தும், கடைசி மகளுக்காக அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. பிரிவு தவிர்க்க முடியாதது என்றால், யார் முதலில் பிள்ளையைத் தூக்கிச் செல்வது என்ற போட்டி வேண்டாம். பராமரிப்பு, சந்திக்கும் நாள், ஜீவனாம்சம் மூன்றையும் நீதிமன்ற ஆணையாகப் பெறுங்கள். பிள்ளைக்கான ஜீவனாம்சம் 18 வயதோடு நிற்க வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மேற்கல்வி முடியும் வரை கேட்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவை நாடலாம்.

மணமுறிவோடு கணவன் மனைவி உறவு முடியலாம். தாய், தகப்பன் கடமை முடிவதில்லை.