பிச்சாவரத்துப் பூஞ்சையும் மூன்று பேட்டரி வெள்ளித் தண்ணீரும்

மூன்று 9 வோல்ட் பேட்டரி, இரண்டு வெள்ளிக் கம்பி, ஒரு தம்ளர் டிஸ்டில்டு வாட்டர். சாமான் இவ்வளவுதான். பேட்டரிகளை வரிசையாக இணைத்து, கம்பிகளைத் தண்ணீரில் தொங்கவிட்டால் கொஞ்ச நேரத்தில் புகை மாதிரி ஏதோ இறங்கும். 'கூழ்ம வெள்ளி' என்று சொல்லி அதைக் குடிக்கிறார்கள். கொரோனா சமயத்தில் கடலூர், சிதம்பரம் சொந்தக்காரர்கள் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்த வீடியோ சுற்றியது. "நம்ம சித்தர்கள் அப்பவே செஞ்சதுதான். நீதான் இன்ஜினியராச்சே தம்பி, ஒண்ணு செஞ்சு குடேன்" என்றார் ஒரு சித்தப்பா. நான் செய்து கொடுக்கவில்லை. ஏன் என்பதற்கு இந்தத் தண்ணீரின் வரலாறே பதில்.

முதலில் சித்தர் கதை. சித்த மருத்துவத்தில் வெள்ளி உண்டு, உண்மைதான். ஆனால் அது வெள்ளி பற்பம். தகட்டைச் சுத்தி செய்து, மூலிகைச் சாற்றில் அரைத்து, கவசம் கட்டி, வறட்டி அடுக்கிப் புடம் போட்டு எடுப்பது. அளவு, அனுபானம், பத்தியம் எல்லாம் அதற்குத் தனியாக உண்டு. நெருப்பில் வெந்த பொடியும் மின்சாரத்தில் கரைந்த தண்ணீரும் ஒரே பொருள் அல்ல. பேட்டரித் தண்ணீருக்கு நம் ஊர்ப் பூர்வீகம் கிடையாது.

அதன் பூர்வீகம் ஜெர்மனியின் லைப்சிக் பக்கம் இருக்கிறது. அங்கே கார்ல் கிரெடே என்ற பிரசவ மருத்துவர் பிறந்த குழந்தைகளின் கண்ணில் 2 சதவீத சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டார். பிரசவத்தின்போது தொற்றிக் கண்பார்வையைப் பறித்த சீழ்நோய் பெருமளவு குறைந்தது. 1881-ல் அதை வெளியிட்டார். 1889-ல் அமெரிக்கர் கேரி லீ ரசாயன முறையில் கூழ்ம வெள்ளி தயாரித்தார். 1897-ல் கிரெடேயின் மகன் பென்னோ அதை மருந்தாகவே கொண்டுவந்தார். பெயர் கொலார்கால். அடுத்த வருடம் லைப்சிக்கில் ஜியார்ஜ் பிரேடிக், தண்ணீருக்கு அடியில் இரண்டு உலோகக் கம்பிகளுக்கு நடுவே மின்வில் பாய்ச்சிக் கூழ்மம் எடுத்தார். அதில் கம்பி ஆவியாகி நுண்துகளாகப் படிகிறது. பேட்டரி வீடியோக்காரர்கள் செய்வது அதுவல்ல, சாதாரண மின்பகுப்பு. அதில் பெரும்பகுதி வெள்ளி துகளாக இல்லாமல் அயனியாகத்தான் தண்ணீரில் இருக்கும்.

1940-களில் பென்சிலின் வந்தது. பெனிசிலியம் என்ற பூஞ்சை கொடுத்த மருந்து, உள்ளுக்குச் சாப்பிடும் வெள்ளியை ஓரம் கட்டிவிட்டது.

இப்போது என் துறைக்குப் பக்கத்து விஷயம், கணக்கு. 1893-ல் சிகாகோவில் கூடிய மின்னியல் மாநாடு ஆம்பியரை வெள்ளியை வைத்தே வரையறுத்தது. ஒரு ஆம்பியர் ஒரு விநாடி பாய்ந்தால் 1.118 மில்லிகிராம் வெள்ளி படியும். பேட்டரித் தண்ணீருக்கும் இதே கணக்குதான். ஒரு மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் கம்பியிலிருந்து அதிகபட்சம் 4 மில்லிகிராம் கழன்று வரும். கால் லிட்டர் தண்ணீரில் அது லிட்டருக்கு 16 மில்லிகிராம். குடிநீரில் வெள்ளிக்கு நம் இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) வைத்திருக்கும் உச்ச வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். அதாவது 160 மடங்கு.

"ஒரு ஸ்பூன்தானே குடிக்கிறோம்" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 16 மில்லிகிராம் என்பது நிச்சயமாக இருந்தால், ஒரு ஸ்பூனில் 0.08 மில்லிகிராம்தான் வரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வரம்பு 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 0.3 மில்லிகிராம், அதற்குள் அடங்கிவிடும். சிக்கல் அந்த 'நிச்சயமாக' என்பதில் இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டரில் முதலில் மின்சாரம் சரியாகவே ஓடாது. வெள்ளி கரையக் கரைய ஓட்டம் ஏறும், ஓட்டம் ஏற ஏற இன்னும் கரையும். பாதி கசடாக அடியில் தங்கும், கொஞ்சம் எதிர்க் கம்பியில் ஒட்டும். உப்புத் தண்ணீர் என்றால் சில்வர் குளோரைடாக வெளுத்துப்போகும். தம்ளரில் மிச்சம் எவ்வளவு என்று செய்தவருக்கே தெரியாது.

தெரியாமல் குடித்தவர் ஸ்டான் ஜோன்ஸ், அமெரிக்காவின் மொன்டானாக்காரர். 1999-ல் ஒய்2கே வந்து மருந்து கிடைக்காமல் போகும் என்று பயந்து வீட்டிலேயே வெள்ளித் தண்ணீர் தயாரித்துக் குடித்தார். எங்கள் சீனியர்கள் அந்த ஒய்2கேயை நம்பி கோபால் கணினி மொழி படித்துக்கொண்டிருந்த அதே வருடம்! புத்தாண்டு சாதாரணமாகப் பிறந்தது. அவர் தோல் மட்டும் நீலச்சாம்பலாகிவிட்டது. 2002-ல் செனட் தேர்தலில் நின்றபோது உலகமே அந்த முகத்தைப் பார்த்தது. பழைய போட்டோ ஃபிலிமில் வெளிச்சம் பட்டு வெள்ளி கறுக்குமே, தோலில் தங்கிய வெள்ளிக்கும் அதேதான் நடக்கிறது. நிறம் திரும்பாது. அதே 1999-ல்தான், கடையில் விற்கும் கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்கப்படவில்லை என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. அறிவித்தது.

அப்படியானால் வெள்ளியே வீணா? இல்லை. தீக்காயத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு வெள்ளிதான், சரியாக 1 சதவீதம், தோலுக்கு மேலே. 2009-ல் வந்த டாடா ஸ்வச் வடிகட்டியில் உமிச்சாம்பலோடு சேர்ந்திருந்ததும் வெள்ளி நுண்துகள்தான்.

சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். அங்கே பேராசிரியர் கதிரேசனும் குழுவினரும் சதுப்புநிலக் காட்டு மண்ணிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்து, அதன் சாற்றில் சில்வர் நைட்ரேட்டைக் கலந்து வெள்ளி நுண்துகள் எடுத்தார்கள். ஆய்வு வெளியானது 2009-ல். பூஞ்சையின் பெயர் பெனிசிலியம் ஃபெல்லுட்டானம். வெள்ளியை ஓரம் கட்டிய அதே பெனிசிலியம் குடும்பம், பிச்சாவரம் பக்கத்துச் சேற்றில் வெள்ளித்துகள் செய்து கொடுத்தது.

நான் சித்தப்பாவுக்குச் சொன்னது அதன் அடுத்த பகுதி. அந்தத் துகள் 5 முதல் 25 நானோமீட்டர் என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 430 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுகிறது என்று அளந்தார்கள். அமிலத்தன்மை, வெப்பம், உப்பு ஒவ்வொன்றையும் மாற்றிப் பார்த்தார்கள். இவ்வளவு அளந்தும் அதை மருந்து என்று யாருக்கும் ஊற்றிக் கொடுக்கவில்லை. எழுதி மற்ற ஆய்வாளர்கள் முன் வைத்தார்கள்.

"மீட்டர் இல்லாம கரண்ட் பில் கட்டுவீங்களா சித்தப்பா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அந்த வெள்ளிக் கம்பியைப் பேத்திக்குக் கொலுசாக மாற்றப் பத்தரிடம் கொடுத்துவிட்டார்.