சொல்லாமல் விட்ட பெயர்கள்



சகரியாவின் வீட்டில் குழந்தைக்குப் பெயரிடும் நாளில் எழுந்த வாக்குவாதத்தை நீங்கள் அறிவீர்கள். தகப்பன் பெயரையே வைக்க உறவினர் விரும்பினர். தாயோ யோவான் என்றாள். அப்பெயர் உங்கள் இனத்தில் எவருக்கும் இல்லையே என்று அவர்கள் தடை சொன்னார்கள். பேச இயலாதிருந்த தகப்பன் பலகையில் எழுதிக் காட்டியபின்பே அந்த வழக்கு முடிந்தது.

இந்த வாரம், அதே வழக்கைக் கடல் கடந்த நாடுகளில் பல தலைமுறைகளாக நடத்திவரும் ஒரு மக்களைக் குறித்துச் சிந்திப்போம். அயர்லாந்தைவிட்டுப் போனவர்களின் சந்ததியார் இன்று பாஸ்டனிலும் லண்டனிலும் மெல்போர்னிலும் தம் குழந்தைகளுக்கு ஐரிஷ் பெயர் தேடுகிறார்கள். ஆசிரியரின் நாவில் அது நுழையுமா, பிள்ளை கேலிக்கு ஆளாகுமா என்று தயங்கவும் செய்கிறார்கள். அந்தத் தயக்கம் நேற்றுப் பிறந்ததன்று.

ஒரு பெயரைச் சொல்லாமல் விடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பயபக்தி, மற்றது வெட்கம். ஐரிஷ் மக்கள் இரண்டையும் அறிந்தவர்கள்.

முதலில் பயபக்தியைப் பாருங்கள். இயேசுவின் தாயை ஐரிஷ் மொழி ‘முய்ரா’ என்று அழைக்கிறது. அந்த வடிவத்தை அவர்கள் தம் பெண்மக்களுக்கு இடுவதில்லை. ‘மாய்ரா’ என்னும் வேறொரு வடிவத்தையே இடுகிறார்கள். பாட்ரிக் என்னும் பெயரையும் பழைய நாள்களில் நேரடியாகச் சூட்டத் துணியவில்லை. ‘கில்லா பாட்ரிக்’, அதாவது பாட்ரிக்கின் ஊழியன் என்றே வைத்தார்கள். நம்மிடையே ஏசுவடியான், ஏசுதாசன் என்று வழங்குவது போன்றதே அது. பாட்ரிக்கே அடிமையாய்ப் பிடிக்கப்பட்டு அத்தீவுக்கு வந்தவர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஓர் அடிமைக்குத் தங்களை அடியாராக்கிக் கொண்ட மக்கள் அவர்கள்.

வெட்கம் பின்னால் வந்தது; அதற்குச் சட்டம் வழி திறந்தது. அயர்லாந்தில் வாழும் ஆங்கிலேயர் ஐரிஷ் முறையில் பெயரிடலாகாது என்று 1366இல் கில்கென்னியில் கூடிய மன்றம் விதித்தது. டப்ளினைச் சுற்றிய பகுதிகளில் ஆங்கிலேயரிடையே வாழ்ந்த ஐரிஷ்காரர், ஓர் ஊரையோ நிறத்தையோ தொழிலையோ குறிக்கும் ஆங்கிலப் பெயரைக் குடும்பப் பெயராக ஏற்க வேண்டும் என்று 1465இல் மற்றொரு சட்டம் வந்தது. பிற்காலத்தில் திருமுழுக்குப் பதிவேடுகளும் இதற்குத் துணைபோயின. குருமார் அவற்றை இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ எழுதினர். வீட்டில் ‘டைக்’ என்று அழைக்கப்பட்டவன் ஏட்டில் தீமோத்தேயு ஆனான். ‘டியர்மிட்’ எரேமியா ஆனான். பொருளில் உறவில்லை, ஓசையில் ஏதோ ஒரு சாயல் மட்டுமே. பாபிலோனில் தானியேலுக்குப் பெல்தெஷாத்சார் என்னும் அந்நியப் பெயர் இடப்பட்டது. இங்கோ வேதாகமப் பெயரே ஒருவனுடைய சொந்தப் பெயரை மறைக்கும் திரையாயிற்று.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டனர்; அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். அமெரிக்க நகரங்களில் ஐரிஷ் இளம்பெண்கள் பலர் வீட்டு வேலைக்கு அமர்ந்தார்கள். கில்டேரின் புனித பிரிஜித்தின் பெயரால் அவர்களுள் அநேகர் பிரிட்ஜெட் என்று அழைக்கப்பட்டனர். விரைவில் எந்த ஐரிஷ் வேலைக்காரியையும் ‘பிரிட்ஜெட்’ என்று கூப்பிடுவது எஜமானர் வழக்கமாயிற்று; அதன் சுருக்கமான ‘பிடி’ ஏளனச் சொல்லாயிற்று. அந்தப் பெண்களிற் பலர் டீலியா என்றும் பெர்த்தா என்றும் தங்களை மாற்றிக்கொண்டார்கள். ஒரு காலத்தில் பக்தியினால் நேரடியாக இடத் துணியாத பெயரை இப்போது அவமானத்தினால் சொல்லாமல் விட்டார்கள். அவர்களைக் குற்றப்படுத்தாதிருப்போம், பிள்ளைகளின் வயிறு நிறைய வேண்டியிருந்தது.

மீட்பு தாய்நாட்டில் தொடங்கியது. 1893இல் டக்ளஸ் ஹைட் முதலியோர் ஐரிஷ் மொழிக்கென ஒரு சங்கம் நிறுவினர். 1905இல் டோனிகாலைச் சேர்ந்த ஒருவர் தம் வண்டியில் பெயரை ஐரிஷ் மொழியில் எழுதியதற்காகத் தண்டிக்கப்பட்டார். டப்ளின் நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடிய பாட்ரிக் பியர்ஸ் வழக்கில் தோற்றார். அந்த வண்டிக்காரரின் பெயர் நீல் மாக் கில்லா பிரீட். பின்பகுதியின் பொருள், ‘பிரிஜித்தின் ஊழியனுடைய மகன்’ என்பதே. கடலுக்கு அப்பால் வேலைக்காரிகள் மறைத்த பெயரை இவர் சாலையிலே தம் வண்டியில் சுமந்து சென்றார்.

அயர்லாந்துக்கு வெளியே வாழும் ஐரிஷ் குடும்பமொன்று உங்களிடம் யோசனை கேட்குமானால், மூன்று காரியங்களைச் சொல்லுங்கள்.

பெயரின் வேரை அறிந்து வையுங்கள். ‘கொலீன்’ என்பது வெறுமனே ‘பெண்பிள்ளை’ என்னும் சொல். அதைப் பெயராக்கியவர்கள் வெளிநாட்டில் குடியேறியவர்களே. முழுக்க ஐரிஷ் என்று எண்ணப்படும் ‘ஷான்’, நார்மானியர் கொண்டுவந்த பிரெஞ்சு வடிவத்திலிருந்து வந்தது. சகரியா பலகையில் எழுதிய யோவானே அது, தமிழில் அருளப்பன்.

எழுத்தைக் காத்துக்கொள்ளுங்கள். ‘ஷான்’ என்பதில் உயிரெழுத்தின்மேல் உள்ள சாய்கோட்டை விட்டுவிட்டால், அச்சொல் ‘பழைய’ என்று பொருள்படும். ‘ஷிவோன்’ என்பதில் ‘வ’ ஒலிக்கு ஆங்கிலத்தின் ‘வி’ எழுத்தைக் காண முடியாது. ‘பி’, ‘எச்’ இரண்டும் சேர்ந்தே அந்த ஒலியைத் தருகின்றன. பிள்ளை வாழ்நாளெல்லாம் இதைப் பிறருக்கு விளக்க வேண்டியிருக்கும். வெட்கமின்றி விளக்கப் பெற்றோர் முதலில் கற்றுக்கொடுக்கட்டும்.

கடைசியாக, பட்டியல்களைப் புரட்டுமுன் பாட்டியின் திருமுழுக்குச் சான்றைத் தேடுங்கள். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர் என்பது ஐரிஷ் குடும்பங்களின் பழைய முறை. பேரன் என்னும் நம் சொல்லும் பெயரன் என்பதன் திரிபுதானே? டீலியா என்று கல்லறையில் பொறிக்கப்பட்டவள் அந்தச் சான்றில் பிரிட்ஜெட் என்று எழுதப்பட்டிருக்கக்கூடும்.

அயர்லாந்தில் 2023 முதல் பிரிஜித்தின் திருநாளுக்காக அரசு விடுமுறை விடப்படுகிறது. அடுத்த முறை ஒரு குழந்தையைப் பெயர் சொல்லி ஆசீர்வதிக்கையில், அப்பெயரை யார் மறைக்க நேர்ந்தது, யார் காத்துத் தந்தார் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைத்துக் காப்பாராக.