அரை நாள் பள்ளி, அரை நாள் வீடு

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கடந்த ஆண்டு வாரத்தில் ஐந்து நாளும் பள்ளி முடிந்ததும் ஏதாவது ஒரு வகுப்பு இருந்தது. பரதம், சிலம்பம், இந்தி, அபாகஸ். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கிப்போனாள். மறுநாளே சிலம்பத்தையும் அபாகஸையும் நிறுத்தினேன். "இனிமே ஞாயித்துக்கிழமை மத்தியானம் படிப்பும் கிடையாது, ஓய்வுதான்" என்றேன்.

அந்த ஞாயிறு அவளுடைய அண்ணன் மட்டையை எடுத்துக்கொண்டு செஞ்சிக் கோட்டை அடிவாரத்துக்கு விளையாடப் போனான். நான் மகளிடம், "சும்மாதானே இருக்கே, துணியை மடிச்சு வை" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா சிரித்தார். "எங்களுக்கும் இப்படித்தாண்டி அரை நாள் லீவு விட்டாங்க."

பெரியம்மாவுக்கு எண்பது வயது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், செஞ்சியை ஒட்டிய ஒரு கிராமப் பள்ளியில் 1953இல் மூன்றாம் வகுப்பு படித்தவர். அந்த ஆண்டுதான் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று மணி நேரம் மட்டும் பாடம். மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். எதிர்த்தவர்கள் இதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். பெரியார் கடுமையாக எதிர்த்தார். 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்கு எதிரானது. 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது.

சாதியைப் பள்ளிக்கூட மணியோடு கட்டிப்போட்ட திட்டம் அது. எதிர்த்தது முழுக்க நியாயம். ஆனால் அந்த எதிர்ப்பு 'அப்பன் தொழில்' என்ற சொல்லாகவே நம் நினைவில் நிற்கிறது. பெண்பிள்ளைகள் அம்மாவிடம் சமையலும் வீட்டுப் பராமரிப்பும் கற்க வேண்டும் என்பதும் அதே திட்டத்தில் இருந்தது. குயவர் மகனுக்குச் சக்கரம், நெசவாளர் மகனுக்குத் தறி. மகள்களுக்கோ எந்தச் சாதியானாலும் அடுப்படி. நிலமில்லாத வீட்டு மகளுக்கு அதற்கு மேல் வயல் கூலியும்.

பெரியம்மாவின் அரை நாள் எப்படிப் போனது? தம்பியை இடுப்பில் சுமந்தார், தண்ணீர் எடுத்தார், விதைப்புக் காலத்தில் மல்லாட்டை உடைத்தார். மறு ஆண்டு பள்ளி பழையபடி முழு நாள் ஆனது. "திட்டம் போச்சு, வேலை போகல" என்கிறார். காலையிலும் சாயங்காலமும் அதே வேலைகள் காத்திருந்தன. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டார்.

ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. 2019இல் நடுவண் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். இந்த இடைவெளி கல்யாணத்தன்று திடீரென்று திறப்பதில்லை. "சும்மாதானே இருக்கே" என்ற சொல்லில் தொடங்குகிறது. அன்று அதைச் சொன்னது நான்.

கல்லூரியில் என் மாணவிகளிடம், பள்ளி நாட்களில் உங்களுக்கே உங்களுக்கென்று இருந்த நேரம் எது என்று கேட்டேன். ஒருத்தி சொன்னாள்: "சிலம்பம் கிளாஸ் மேடம். அந்த ஒரு மணி நேரம்தான் வீட்ல யாரும் என்னைக் கூப்பிட முடியாது."

வகுப்புகளைக் குறைத்தால் பிள்ளைக்கு ஓய்வு கிடைக்கும் என்பது எளிய கணக்கு. பெண்பிள்ளைக்கு அந்தக் கணக்கு தப்பும். வகுப்பிலிருந்து மீட்ட நேரத்தை வீடு எடுத்துக்கொள்ளும். அதனால் வகுப்பு அட்டவணையைத் திருத்தும்போது வீட்டு வேலை அட்டவணையையும் சேர்த்தே திருத்த வேண்டியிருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் துணி மடிப்பது அண்ணன் வேலை. சிலம்பத்தை மட்டும் மகள் திரும்பக் கேட்டாள், சேர்த்துவிட்டேன். ஞாயிறு மத்தியானம் திண்ணையில் எதுவும் செய்யாமல் படுத்துக் கிடக்கிறாள். அவளைக் கூப்பிட இன்னும் எனக்கு வாய் வருகிறது. அடக்கிக்கொள்ளப் பழகுகிறேன்.