பரங்கிமலைக்கு முன் நின்ற ‘தி’

பழைய சென்னைப் பட்டணத்து ஆங்கிலேயர்கள் சில இடங்களைப் பேர் சொல்லியே அழைக்கவில்லை. ‘தி ஃபோர்ட்’ என்றால் புனித ஜார்ஜ் கோட்டை. ‘தி ஐலண்ட்’ என்றால் இன்றைய தீவுத்திடல். ‘தி மவுண்ட்’ என்றால் பரங்கிமலை. எந்த மலை என்று கேட்பவர் ஊருக்குப் புதியவர் என்று தெரிந்துவிடும்.

அந்த மலையின் உயரமோ சுமார் 300 அடிதான். அங்கிருந்து தெற்கே வந்தால் பல்லாவரம், திருநீர்மலை, தாம்பரத்துப் பச்சைமலை, வண்டலூர் என்று குன்றுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் எதற்கும் கிடைக்காத ‘தி’ இதற்கு மட்டும் கிடைத்தது. காரணம் உயரமல்ல, வரலாறு. இயேசுவின் சீடர் தோமையார் இங்கே உயிர் நீத்தார் என்ற நம்பிக்கையில் 1523இல் போர்ச்சுகீசியர் மலையுச்சியில் தேவாலயம் எழுப்பினார்கள். ஆங்கிலேயர் கோட்டை கட்டியது அதற்கு நூறாண்டுக்கும் மேல் கழித்துத்தான். பின்னர் மெட்ராஸ் பீரங்கிப் படை அடிவாரத்தைத் தன் தலைமையிடமாக்கிக்கொண்டது. பட்டாளத்துக்காரருக்கும் பாதிரியாருக்கும் கம்பெனி குமாஸ்தாவுக்கும் ஒரே மலைதான் மலை.

ஆங்கிலத்தில் ‘தி’ செய்யும் வேலையே இதுதான்: ‘நான் சொல்வது எது என்று உனக்கும் தெரியும்’ என்று கேட்பவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்வது. பொதுச்சொல் ஒன்று ஊரார் வாயில் ஒரே ஒரு பொருளுக்கு உரியதாகும்போது அதன் முன் ‘தி’ வந்து நிற்கும். தனிப்பெயர் கூடினால் பெரும்பாலும் அது விலகிக்கொள்ளும். ‘செயிண்ட் தாமஸஸ் மவுண்ட்’ என்று பழைய ஏடுகள் எழுதும். தோமையாருடைய மலை என்று உடைமை சொன்ன பிறகு ‘தி’க்கு அங்கே இடமில்லை. பின்னாளில் அந்த உடைமை விகுதி தேய்ந்து ‘செயிண்ட் தாமஸ் மவுண்ட்’ என்றாயிற்று. ‘தி’ மட்டும் திரும்பி வரவில்லை.

சாலையின் கதை இன்னும் தெளிவானது. கோட்டையிலிருந்து மலைக்குப் போகிற பாதையில் அடையாறு குறுக்கிடும். ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 1726இல் தம் செலவில் சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். மலையேறுவோருக்குப் படிகளும் அமைத்துக் கொடுத்தார். மலைக்குப் போகும் சாலை என்ற விளக்கமாக இருந்தவரை எழுதியவர்கள் ‘தி மவுண்ட் ரோடு’ என்றே எழுதினார்கள். கடைகளும் அலுவலகங்களும் வந்து, மலையை நினைக்காமலே சாலையைச் சொல்லும் காலம் வந்ததும் அது வெறும் ‘மவுண்ட் ரோடு’ ஆனது. விளக்கம் பெயராக முற்றும்போது ‘தி’ உதிர்ந்துவிடுகிறது. அந்தச் சாலையின் இன்றைய பெயரான அண்ணா சாலைக்கு ‘தி’ ஒருபோதும் தேவைப்படவில்லை; அது பிறக்கும்போதே பெயர்.

மலையடிவாரத்தில் 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சங்கிலி பிடித்து, பெரும்பாக்கம் பக்கமாக ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அதில் தொடங்கி இந்தியாவையே அளந்த பெரும்பணியை ஆங்கில நூல்கள் இன்றும் ‘தி கிரேட் டிரிகனாமெட்ரிக்கல் சர்வே’ என்றே குறிக்கின்றன. பெயர்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் இன்னும் பொருளோடு உயிராயிருக்கும் பெயர்.

தாம்பரத்தைக் கடக்கும் ‘தி கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு’ம் அப்படித்தான். சுருக்கி ‘ஜிஎஸ்டி ரோடு’ என்றால் பெரும்பாலும் ‘தி’ இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு உண்டு, ‘ஈசிஆர்’ என்றால் இல்லை. 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிக்கு இன்று பெரும்பாலும் ‘தி’ சேர்ப்பதில்லை. அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தை ‘மெட்ராஸ் யூனிவர்சிட்டி’ என்றால் ‘தி’ வேண்டாம். ‘யூனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்’ என்று திருப்பிப் போட்டால் வேண்டும். நதிக்கு அது கட்டாயம். முடிச்சூர், அனகாபுத்தூர் வழியே ஓடுவது ‘தி அடையார்’. அதே பெயருள்ள குடியிருப்புப் பகுதி வெறும் ‘அடையார்’. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வரதராஜபுரத்தை மூழ்கடித்தது எது, செய்தியில் அடிபட்ட பகுதி எது என்று ஆங்கில வாசகருக்குப் பிரித்துச் சொன்னது இந்தச் சிறுசொல்தான். தமிழில் அந்த வேலையை ‘ஆறு’, ‘பகுதி’ என்ற சொற்களோ சூழலோ பார்த்துக்கொள்கின்றன.

பள்ளியில் இவையெல்லாம் மனப்பாட விதிகளாக வருகின்றன: தேம்ஸுக்கு உண்டு, எவரெஸ்டுக்கு இல்லை, ஆல்ப்ஸுக்கு உண்டு. புறநகர்ப் பிள்ளைகள் பார்த்தே இராத இடங்கள். வகுப்பறைச் சன்னலிலிருந்து தெரியும் மலையையும், தினமும் கடக்கிற சாலையையும் வைத்து இதைச் சொல்லித்தராதது பெரிய இழப்பு.

தமிழ் இந்தச் சொல்லைத் தன் எழுத்திலேயே சில காலம் சுமந்ததும் உண்டு. மவுண்ட் ரோட்டிலிருந்து வரும் ‘தி இந்து’ குழுமம் 2013இல் தமிழ் நாளிதழ் தொடங்கியபோது, அதன் முகப்பிலும் ‘தி இந்து’ என்றே அச்சிட்டது. பின்னர் அது ‘இந்து தமிழ் திசை’ ஆயிற்று.

மெட்ரோ ரயில் 2016இல் இப்பக்கம் வந்தபோது நிலையப் பலகைகளில் ஆங்கிலத்தில் ‘லிட்டில் மவுண்ட்’, ‘செயிண்ட் தாமஸ் மவுண்ட்’ என்று எழுதினார்கள். முன்னதைப் பழைய நூல்கள் ‘தி லிட்டில் மவுண்ட்’ என்று எழுதியிருக்கின்றன. பலகையில் ‘தி’ இல்லை. தமிழில் அவை சின்னமலை, பரங்கிமலை.