ஊர் திரும்பியோர் சரித்திரம்

மன்னர்கள் படையெடுத்துச் சென்றதையும் வென்று மீண்டதையும் நம் சரித்திர நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. படைகளுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய சாதாரண மக்களைப்பற்றி அவை ஓரிரு வரிகள் எழுதுவதும் உண்டு. ஆனால், ஓடியவர்கள் திரும்பி வந்தார்களா, வந்தவர்கள் எதைக்கொண்டு அடுப்பு மூட்டினார்கள், எந்த நிலத்தில் ஏர் பூட்டினார்கள் என்ற வினாக்களைச் சரித்திராசிரியர்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஊர் திரும்பிய நாளோடு அகதியின் கதை முடிந்துவிடுகிறது என்று கருதுவது அரசாங்க அறிக்கைகளின் வழக்கம். அந்த நாளில்தான் அவனுடைய கடினமான உழைப்பு ஆரம்பமாகிறது என்பதைத் திருகோணமலை மாவட்டத்தின் சென்ற நாற்பதாண்டு அனுபவம் நமக்குக் காட்டுகிறது.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீற்றர் தூரத்தில், கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடக்கிறது நிலாவெளி. கரைவலை இழுப்பும், உப்பு விளைவிப்பும், மழையை நம்பிய வயற்செய்கையும் இப்பகுதி மக்களின் தொன்மையான தொழில்கள். இவ்வூர்ப் பிள்ளையார் கோயிலில் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டொன்று, மச்சகேஸ்வரம் எனக் குறிக்கப்படும் திருக்கோணமலைக் கோயிலின் நித்திய பூசைச் செலவுக்காக 250 வேலி நிலம் வழங்கப்பட்டதைக் கூறுகிறது. நிலம் எந்தக் கோயிலுக்கு உரியது என்று கல் சொல்கிறது. அதில் விதைத்து அறுத்த கைகள் யாருடையவை என்று அது சொல்லவில்லை. எழுத்தில் ஏறியவனுக்கே நிலம், ஏறாதவனுக்கு உழைப்பு மட்டும் என்ற விதி அன்றைக்கே நிலைபெற்றிருந்தது. ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், வெறுங்கையோடு ஊர் திரும்பிய மக்கள் அதே விதியைத்தான் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

இம்மக்கள் ஒருமுறை மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. 1983 ஆம் ஆண்டின் இனவன்செயலையடுத்துத் திருகோணமலை மாவட்டத்தினர் பலர் படகேறித் தமிழகம் சென்றனர். அங்கு அவர்களை முதலில் ஏற்றது இராமநாதபுர மாவட்டத்தின் மண்டபம் முகாம். அந்த முகாமின் பூர்வோத்தரம் சிந்தனைக்குரியது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழகத்து ஏழைகளைத் தடுத்துவைத்து நோய்ப் பரிசோதனை செய்வதற்காகவே வெள்ளையர் காலத்தில் அது அமைக்கப்பட்டது. வறுமையால் இலங்கைக்குச் சென்றவர்கள் நடந்த அதே முற்றத்தில், இலங்கையிலிருந்து யுத்தத்தால் துரத்தப்பட்டவர்கள் வரிசையில் நின்றார்கள்.

1987 ஜூலை 29 ஆம் திகதி இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதை நம்பி, அவ்வாண்டின் முடிவிலிருந்து 1989 வரையில் சுமார் 25,000 அகதிகள் தமிழகத்திலிருந்து இலங்கைக்கு மீண்டனர். காடு வெட்டினார்கள், கிணறு இறைத்தார்கள், கடன்பட்டு வலை வாங்கினார்கள். 1990 ஜூன் மாதம் யுத்தம் மறுபடி வெடித்தது. இரண்டாண்டு உழைப்பில் எழுந்த குடிசையை விட்டு மறுபடியும் படகேறினர். 1991 மே மாதத்தில் ராஜீவ் காந்தி கொலையுண்டபின் தமிழகத்திலும் அகதிகளின் நிலை இறுகியது. 1992 முதல் 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் தம் விருப்பத்தின் பேரில்தான் திரும்பினார்களா என்ற வினா அன்றே எழுந்தது. அதைச் சோதிக்கவென்று ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையகம் 1992 இல் தமிழகத்தில் இடம்பெற வேண்டியதாயிற்று.

அவ்வாறு திரும்பிய எல்லோரும் தம் ஊருக்குள் கால்வைத்தார்களா? இல்லை. அலஸ்தோட்டம் போன்ற இடங்களில் அமைந்த 'நலன்புரி நிலையங்களில்' பலர் ஆண்டுக்கணக்கில் தங்கினர். சில மைல்களுக்கு அப்பால் தம் வயல் கிடக்க, அந்த வயலில் விளைந்திருக்க வேண்டிய அரிசியை நிவாரண அட்டைக்குப் பெற்று உண்டனர். நாடு திரும்புவது வேறு, ஊர் திரும்புவது வேறு என்பதை அவர்கள் கற்றது இங்கேதான்.

2002 பெப்ரவரி 22 ஆம் திகதிப் போர் நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகே பெருந்தொகையினர் தம் சொந்தக் காணிகளைப் பார்க்க முடிந்தது. அங்கே அவர்களை எதிர்கொண்டவை மூன்று இன்மைகள்: கருவி இன்மை, பத்திரம் இன்மை, நம்பிக்கை இன்மை. இவற்றைத் தனித்தனியே ஆராய்வோம்.

முதலில் கருவி. கரைவலை என்பது ஒருவன் தோளில் சுமந்து செல்லும் தூண்டில் அன்று. தோணியும், மடியும், நெடுங்கயிறும், இருபுறமும் நின்று இழுக்கப் பல கைகளும் வேண்டும். பிடிபட்ட மீன், வலைக்குரிய சம்மாட்டிக்கும் இழுத்தவர்களுக்கும் பங்காகப் பிரியும். ஊரின் பாதிப்பேர் தமிழக முகாம்களிலும் மற்றவர்கள் மேலை நாடுகளிலும் சிதறிக்கிடக்கையில் கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பவர் யார்? யுத்த காலத்தில் இரவில் தொழிலுக்குப் போகத் தடை, படகு இயந்திரத்தின் வலுவுக்குக் கட்டுப்பாடு, கடலிறங்க அனுமதிச் சீட்டு. கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது கையில் முதலில்லை. முற்பணம் தந்தவனுக்கே மீனை விற்க வேண்டும். அவன் சொன்னதே விலை. ஊர் திரும்பிய மீனவன் அகதி என்ற பெயரைத் துறந்து கடனாளி என்ற பெயரைப் பெற்றான்.

அடுத்தது பத்திரம். கிழக்கில் ஏழை விவசாயிகள் பலருக்கு உறுதிக்காணி இல்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட உத்தரவுப் பத்திரமே அவர்களின் உரிமை. வீடு எரிந்தபோது பத்திரமும் எரிந்தது. மேலும், அந்தச் சட்டம் வாரிசுரிமையில் பெண்ணைவிட ஆணையே முன்வைத்தது. கணவன் பெயரிலிருந்த காணியில் விதவைக்கு வாழும் உரிமை மட்டுமே உண்டு. மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். யுத்தம் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெண்களின் தலைமையில் விட்டுச்சென்ற மண்ணில் இது எத்தகைய கொடுமை! ஆண்பிள்ளைக்கு அளித்த இந்த முன்னுரிமை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கியது.

உறுதி வைத்திருந்தவர்களுக்கும் ஆபத்து வேறு வடிவில் வந்தது. தனியார் காணியைப் பத்தாண்டுகள் தடையின்றி அனுபவித்தவன் அதற்கு உரிமை கோரலாம் என்பது இந்நாட்டின் சட்டம். துவக்குக்கு அஞ்சி ஓடியவன் இருபதாண்டு கழித்து வந்தால் சட்டம் யார் பக்கம் நிற்கும்? 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில், ஆயுதக் குழுக்களின் செயல்களால் தன் காணிக்கு வழக்காட முடியாமற் போனவனுக்கு எதிராக அந்தப் பத்தாண்டைக் கணக்கிடலாகாது என்று விதித்த சட்டம், 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமாகவே வந்தது. யுத்தம் முடிந்து ஏழாண்டுகள் சென்றபின் வந்த நீதி அது. இதற்கிடையில், உலக வங்கியின் உதவியோடு நடந்த வடகிழக்கு வீடமைப்புத் திட்டமோ வீட்டு மானியத்துக்குக் காணி உரிமைச் சான்று கேட்டது. பத்திரமில்லையேல் வீடில்லை! மிகவும் இழந்தவனே மிகவும் பின்னால் நிற்க நேர்ந்தது.

யுத்தத்தின் வடு ஆறுமுன் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி வந்து நிலாவெளிக் கரையையும் வாரிச் சென்றது. அதன் பின்னர் கரையோரத்தில் குடியிருக்கலாகாது என்று அரசாங்கம் எல்லை வகுத்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கடலைப் பார்த்து மீன் வரவறியும் தொழிலாளி உள்நாட்டுக்குத் தள்ளப்பட, சுற்றுலா விடுதிகளுக்கு விதிவிலக்குக் கிடைத்தது. எதிர்ப்பு எழுந்தது, எல்லை பின்னர் தளர்த்தப்பட்டது. இயற்கையின் அழிவு எல்லோர்க்கும் பொது. மீண்டும் எழும் வாய்ப்புப் பொதுவாக இருக்கவில்லை.

இதே துறைமுக மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரின் கதை இன்னும் தெளிவான பாடம். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்குள்ளாகி அம்மக்கள் இடம்பெயர்ந்தனர். செப்டெம்பரில் படையினர் சம்பூரைக் கைப்பற்றினர். 2007 இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகியது. 2012 இல் 818 ஏக்கர் பாரிய கைத்தொழில்களுக்கான வலயமெனப் பிரகடனமாயிற்று. அயலிலேயே 500 மெகாவாற்று அனல் மின் நிலையத் திட்டம் வேறு. பாதுகாப்பு என்ற பெயரில் எடுத்த மண் மூலதனத்தின் கைக்கு மாறியதை இங்கே கண்கூடாகக் காணலாம். மக்களோ கிளிவெட்டி முதலிய முகாம்களில் இருந்தபடி, மாற்றுக் காணியை ஏற்க மறுத்தார்கள். "எங்கள் ஊர்தான் வேண்டும்" என்பதே அவர்கள் கோரிக்கை. 2015 மே மாதத்தில் அந்தப் பிரகடனம் இரத்தாகி, 818 ஏக்கரும் படிப்படியாக மக்களுக்குத் திறந்தது. 2016 இல் கடற்படை முகாம் இருந்த நிலமும் விடுவிக்கப்பட்டது. அவ்வாண்டே அனல் மின் திட்டமும் கைவிடப்பட்டது. பத்தாண்டு அகதி வாழ்விலும் சிதறாமல் நின்ற கூட்டு உறுதியின்றி இது கைகூடியிருக்குமா என்பதைச் சிந்திக்க வேண்டும்.

வீட்டைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதுமா? பொஸ்னியாவைப் பாருங்கள். 1995 ஆம் ஆண்டின் டேற்றன் உடன்படிக்கை அகதிகளுக்குச் சொந்த வீட்டைத் திரும்பப் பெறும் உரிமையை அளித்தது. சுமார் இரண்டு இலட்சம் வீடுகள் உரியவர்களிடம் மீளவும் சேர்ந்தன. ஆயினும், சிறுபான்மையாக வாழவேண்டிய ஊர்களில் தொழிலும் பாதுகாப்பும் கிடைக்காத பலர், பெற்ற வீட்டை விற்றுவிட்டு வெளியேறினர். சுவரும் கூரையும் மட்டும் ஊர் ஆகா என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கேதான் மூன்றாவது இன்மையான நம்பிக்கையின்மை முக்கியமாகிறது. நிலாவெளிக் கடலில் தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறைகளாகத் தொழில் செய்கின்றனர். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் பருவத்தில் நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் கிழக்கில் வாடி அமைத்துத் தொழில் செய்வதும் பழைய வழக்கம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். குடியேற்றத் திட்டங்களால் கொண்டுவரப்பட்ட சிங்கள ஏழைகளும் துவக்குக்கு இரையானார்கள். தன் துயரத்தை மட்டும் சரித்திரமாக்கி அயலவன் துயரத்தைப் புள்ளிவிபரமாக்குவது நேர்மையான எழுத்தாகாது. கரைவலையின் கயிற்றை இழுக்கும் கைகளிடம் இனம் கேட்டு, பங்கு பிரித்தவன் எவன் என்று கேளாதிருப்பது யாருக்கு இலாபம்?

முகாமில் பிறந்து வளர்ந்த இளைஞரை மறந்துவிடலாகாது. பெற்றோருக்கு அது திரும்புதல். பிள்ளைக்கோ காணாத ஊருக்குப் பெயர்தல். தமிழகப் பாடத்திட்டத்தில் படித்தவன் இங்கே வேறு பரீட்சைக்கு உட்கார வேண்டும். அவன் பேச்சைக் கேட்டு வகுப்பு சிரிக்குமாயின், ஆசிரியரின் கடமை என்ன என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

1981 க்குப் பின் திருகோணமலை மாவட்டத்தில் முழுமையான குடிசன மதிப்பு 2012 இல்தான் நடைபெற்றது. முப்பத்தோராண்டுகளில் எத்தனை முறை இம்மக்கள் போனார்கள், எத்தனை முறை வந்தார்கள் என்பதை அந்த இரு எண்களும் சொல்லப்போவதில்லை. ஆகவே அந்த வேலை நம்முடையது. இப்பகுதிப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்களும் கற்கும் மாணவர்களும் தம் அயலில் உள்ள முதியோரை அணுகுங்கள். முகாம் பதிவட்டை, நிவாரண அட்டை, கருகிய உத்தரவுப் பத்திரம், முதல் வலைக்குக் கடன் எழுதிய கொப்பி — இவற்றைக் கண்டு, உரியவர் சம்மதத்தோடு பிரதி எடுத்துப் பாதுகாத்து வையுங்கள். சோழன் கல்லில் இடம்பெறாத கைகளின் சரித்திரத்தை இம்முறையாவது அந்தக் கைகளுக்குரியவர்களே எழுதட்டும்.